சவரிமுத்து மாடியறையில் கட்டிய வண்டி

"மாமா, மூக்குல இருந்து பைப்பக் கழட்டிட்டேன்" என்று ஆரோக்கியமேரி போனில் சொன்னபோது நான் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். அழுகை இல்லை. உலையை இறக்கி வைத்துவிட்டேன் என்று சொல்லுகிற குரலில் சொன்னாள். இரண்டு வருஷமாக அவள் புருஷன் சவரிமுத்துவின் மூக்கில் அந்தப் பிளாஸ்டிக் குழாய் இருந்தது. சாப்பிடும்போதும் இருந்தது, தூங்கும்போதும் இருந்தது. அதைக் கழட்டியாயிற்று என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பையை வரிசையிலேயே போட்டுவிட்டு நடந்தேன்.

பீங்கான் கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் ஏழெட்டுப் பேர் இந்த ஊரில் இருக்கிறீர்கள். நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்தவர்கள் சவரியைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னீர்கள். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. எழுத்தும் எனக்குத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். அவர் இவர் என்று எழுதட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக அவனை அவன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். இப்போது மாற்றினால் வேறு யாரோ செத்தது போல இருக்கும்.

அவனைக் கம்பெனிக்குள் கூட்டிக்கொண்டு போனவன் நான். மங்கலம்பேட்டைப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவன், கேட்டுக்கு வெளியே டீக்கடையில் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்தான். நான் சூளையில் இருந்தேன். இன்னும் சுடாத பச்சைச் சரக்கை அடுக்கி முடித்ததும் சூளையின் வாயைச் செங்கல் வைத்து அடைத்து, இண்டு இடுக்கில்லாமல் களிமண் பூசுவது என் வேலை. மேஸ்திரிக்கு என் மேல் ஒரு நம்பிக்கை உண்டு. "மேஸ்திரி, தெரிஞ்ச பையன், மூட்டை தூக்குவான்" என்றேன். மேஸ்திரி அவனை மில்லுக்கு அனுப்பினார். வெள்ளைக்கல்லைப் போட்டு மாவாக அரைக்கிற பெரிய உருளைகள் இருக்குமே, அந்த இடம். சாயங்காலம் அவன் வெளியே வரும்போது இமை மயிர்கூட வெள்ளையாக இருக்கும். பத்து வருஷம் அங்கே இருந்தான். அப்புறம் லைசன்ஸ் எடுத்து, கம்பெனி லாரியில் பதினெட்டு வருஷம் டிரைவராக ஓடினான்.

ஓட்டுவதில் அவனுக்கு அவசரம் கிடையாது. ஒரு தடவை நாக்பூர் லோடுக்கு நானும் கூடப் போனேன். வழி நெடுக எல்லா வண்டியும் எங்களை முந்திக்கொண்டு போயிற்று. ஒரு பால் வண்டிகூட முந்தியது. எனக்கே ரோஷம் வந்துவிட்டது. "இன்னாடா, மாட்டு வண்டியா ஓட்டற?" என்றேன். அவன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவசரப்படாதண்ணே, பின்னால பீங்கான் இருக்குது" என்றான். அந்த வார்த்தையை அவன் வாயால் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. சாப்பாட்டு வரிசையில் சொல்லுவான், கல்யாண வீட்டில் சொல்லுவான், கோயில் கூட்டத்தில் இடிக்கிறவனிடம் சொல்லுவான். மில்லில் உள்ளே போன மாவு மட்டும் அவசரப்படாமல் அவன் நெஞ்சுக்குள் காத்திருந்தது. கடைசி லோடில் அது எழுந்துகொண்டது. நெல்லூரைத் தாண்டிய இடத்தில் மூச்சு முட்டி, வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்துவிட்டான். கம்பெனி வேறு டிரைவரை அனுப்பி லோடை எடுத்துப் போயிற்று. சவரி பஸ்ஸில் ஊர் திரும்பினான். எத்தனை லோடு இறக்கியிருந்தாலும் இறக்காத அந்த ஒன்றைத்தான் அவன் பேசிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் வைத்தியத்திலேயே போயிற்று. கடைசியில் கீழ் வீட்டை ஒத்திக்கு விட்டுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் மாடியறைக்குப் போனார்கள். மருந்துக்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது. ஏறிப் போகும்போது நடந்துதான் போனான், நடுவில் நாலு தடவை உட்கார்ந்து. பதினேழு படி. ஏறினவன் இறங்கவில்லை. மூலையில் காற்றைச் சலித்துக் கொடுக்கிற மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து வருகிற குழாய் கட்டிலுக்கு எட்டும், குளியலறைக் கதவுக்கு எட்டும், ஜன்னலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிடும். அந்த ஜன்னலும் எப்போதும் மூடித்தான் இருக்கும். திறந்தாலும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் முதுகுதான் தெரியும். கதவுக்கு அடியில் ஈரத்துணி. தூசி என்றால் அவனுக்கு அப்படி ஒரு பயம். ஜங்ஷனில் ரயில் கூவினால் அது கூட்ஸா பாசஞ்சரா என்று சொல்லுவான். அது ஒன்றுதான் வெளியிலிருந்து உள்ளே வந்தது.

நான் தினமும் மதியம் மூன்று மணிக்குப் போவேன். போன ஆடியில் ஒரு நாள், நான் உட்காருவதற்குள் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அதில் ஓடிய வீடியோவில் எவனோ ஒருவன் மேசையில் ஸ்டியரிங்கை மாட்டிக்கொண்டு, எதிரே பெட்டித் திரையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா இது, சினிமாவா?"

"கேமுண்ணே. கம்ப்யூட்டர்ல லாரி ஓட்டறது. லோடு ஏத்தலாம், எறக்கலாம். டீசல் போடணும். தூங்காம ஓட்டினா கண்ணு சொருவும். நான் ஓட்டப் போறேன்."

"உனக்கு மூச்சு வுடவே ஒரு மெஷின் ஓடுது. இதுல இன்னொண்ணா?"

"அது மூச்சுக்கு. எனக்கு ஒண்ணு வேணாமா?"

அடுப்படியிலிருந்து மேரியின் குரல் வந்தது. "பேத்திக்குக் கல்யாணம் பேசற வயசுல கேம் ஆடணுமாம் மாமா. கேளுங்க."

அவன் சிரிக்கவில்லை. "ஒரு லோடுண்ணே" என்றான். "ஏத்தற எடத்துல இருந்து எறக்கற எடம் வரைக்கும். முழுசா ஒண்ணு. டாக்டரு இன்னா சொன்னாருன்னு உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதுக்குள்ள ஒரு லோடு."

மாடிப்படிக்குக் கீழே அவனுடைய மொபெட் நின்றுகொண்டிருந்தது. அதை விற்கச் சொன்னான். அந்தக் காசுக்குள் முடிக்க வேண்டும் என்பது அவன் போட்ட கோடு. திருப்பூரில் இருக்கிற மகள் புதிதாகவே வாங்கித் தருகிறேன் என்றாள். "எனக்கு மாத்திரை வாங்கித் தர்ற காசுல கேமு வேணாம்" என்று போனை வைத்துவிட்டான். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்கு நான்தான் போய்க் கேட்டேன். கடைக்காரர் நல்லவர், உட்காரச் சொன்னார். "இந்தக் காசுக்கு டைப் அடிக்கிற கம்ப்யூட்டர்தான் வரும் பெரியவரே. கேம் ஓடணும்னா இன்னும் ஒரு மடங்கு வேணும்" என்றார். மாடிக்கு வந்து சொன்னேன். சவரி ஏற்கெனவே அந்தப் பதிலை எதிர்பார்த்திருந்தான். "அப்ப பாகம் பாகமா வாங்கி நாமளே கட்டிக்குவோம். பழசு, ஆனா ஓடறது. லாரிக்கு நாம பண்ணாததா?" என்றான்.

சென்னையிலிருந்து ஒவ்வொரு பாகமும் பஸ் பார்சலில் வந்தது. ஒன்றரை மாதம் ஆயிற்று. ஒவ்வொன்றையும் நான் போய் எடுத்து, பதினேழு படி ஏறி, ஈரத்துணியால் அட்டைப்பெட்டியைத் துடைத்து, அப்புறம்தான் உள்ளே கொண்டுபோவேன். வாசலில் மேரி நின்று என் காலையும் பார்ப்பாள். கழுவியிருக்க வேண்டும்.

கட்டுகிற நாள் வந்தபோதுதான் அவன் ஒன்றைச் சொன்னான். மூச்சுக்கு இழுக்கிற மருந்தால் அவன் கை நடுங்கும். டம்ளரைக்கூட இரண்டு கையால்தான் பிடிப்பான். "வாயி என்னுது, கை உன்னுதுண்ணே" என்றான். எனக்குப் படிக்கத் தெரியாது, அவனுக்குப் பிடிக்க முடியாது. அவன் செல்போனில் ஒரு பையன் கட்டுகிற வீடியோவை வைத்து, நிறுத்தி நிறுத்திக் காட்டினான். இங்கிலீஷில் இருக்கிற பேரையெல்லாம் எனக்குச் சொன்னான். நான் பேரை வைத்துக்கொள்ளவில்லை, உருவத்தை வைத்துக்கொண்டேன். ஒரு தடவை கண்ணால் பார்த்ததை நான் மறக்கிறதில்லை.

மதர்போர்டு என்பது ஒரு பச்சைத் தட்டு. அதில் நடுவில் ஒரு சதுரம். அதில் உட்கார வேண்டிய பிராசஸர் என்பது ஒரு பிஸ்கட் அளவுதான், ஆனால் அடியில் முழுக்க ஊசி ஊசியாகத் தங்கக் கம்பி. அதன் ஒரு மூலையில் சின்னதாக முக்கோணம். தட்டிலும் ஒரு மூலையில் முக்கோணம். வைத்துப் பார்த்தேன், உட்காரவில்லை. கட்டைவிரலை வைத்தேன்.

"அழுத்தாத. அழுத்தாதண்ணே. பின்னால பீங்கான் இருக்குது."

கையை எடுத்தேன். முக்கோணத்துக்கு முக்கோணம் பார்த்துத் திருப்பி வைத்தேன். தானாகவே இறங்கி உட்கார்ந்தது. அதன் தலையில் வெள்ளையாக ஒரு பசை வைக்கச் சொன்னான், பட்டாணி அளவு. பட்டாணியா, கொண்டைக்கடலையா என்று கேட்டேன். வீடியோவைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, "பட்டாணிதான், அதுவும் காஞ்ச பட்டாணி" என்றான். அதற்கு மேலே விசிறி. அப்புறம் மெமரி என்று சீப்பு போல ஒரு பட்டை, டக்கென்று சத்தம் வருகிறவரை அழுத்தினேன். கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று, ஒரு செங்கல் பருமன். மொபெட் காசில் பாதி அதுதான் என்றான். அதை மாட்டும்போது அவன் மூச்சு விடுகிற சத்தம் மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

எல்லாம் மாட்டி சுவிட்ச் போட்டோம். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் அந்த வீடியோவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். "சவரி, அந்தப் பையன் ஒயரு ரெண்டு சொருகினான். அகலமா ஒண்ணு, மேல் மூலையில சின்னதா ஒண்ணு. நாம அகலமானது மட்டும்தான் சொருகியிருக்கோம்" என்றேன். அவன் வீடியோவைத் திருப்பிப் பார்த்தான். மூலையில் ஒன்று காலியாக இருந்தது. சொருகினேன். திரையில் வெள்ளை எழுத்து வந்தது. என்ன எழுத்து என்று எனக்குத் தெரியாது. மேரி கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள்.

தப்பு அதற்கு அப்புறம்தான் நடந்தது. பெட்டியை மூடும்போது சவரி அதன் உடம்பெல்லாம் ஓட்டையாக இருப்பதைப் பார்த்தான். முன்னால் சல்லடை, மேலே சல்லடை, பின்னால் ஒரு விசிறியின் வாய்.

"இவ்ளோ ஓட்டையா? தூசி உள்ள போவுமே."

"வீடியோவுல யாரும் அடைக்கலியே."

"அவனுங்களுக்குத் தூசியப் பத்தி இன்னா தெரியும்" என்றான்.

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. தூசி உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை நாங்கள் இரண்டு பேரும் அந்த அறையில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப்பை வாங்கி வந்து ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தேன். சூளை வாயை அடைக்கிற மாதிரியே, ஓரத்தை விரலால் நீவி நீவி விட்டேன். மூலையில் மடிப்பு விழாமல் ஒட்டினேன். "உன் கை போவலண்ணே" என்றான் சவரி. எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மேரியின் தையல் மெஷின் மேசையில் ஸ்டியரிங்கை முடுக்கினோம். அதுவும் யாரோ ஓட்டிச் சலித்துப் போட்ட பழசு. கிளட்சும் பிரேக்கும் கீழே, தையல் மிதிக்குப் பக்கத்தில். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். நான் ஸ்டூலை அவனுக்கு இடப்பக்கம் போட்டேன், கிளீனர் உட்காருகிற பக்கம். "இது வெளிநாட்டு வண்டிண்ணே. ஸ்டியரிங் இடது பக்கம். உன் சீட்டு வலது பக்கம்" என்றான். வலப்பக்கத்தில் மூச்சு மெஷின் இருந்தது. மேரியும் நானுமாக அதை நகர்த்தி இடப்பக்கம் வைத்து, குழாய் இழுபடாமல் பார்த்து, அப்புறம் ஸ்டூலை வலப்பக்கம் போட்டேன். கரண்டு போனால் முதலில் மூச்சு, குழாயை ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றிவிட்டுத்தான் மற்றது என்று மேரி சட்டம் போட்டாள். ஒப்புக்கொண்டோம்.

வண்டியை எடுத்தான். பத்தடி போவதற்குள் எதிரே ஒரு கார் நேராக வந்தது. "இவனுங்க எல்லாம் எதுர்ல வர்றானுங்கண்ணே" என்றான். பின்னால் நின்றிருந்த மேரி, "நீங்கதான் எதுர்ல போறீங்க. அந்த ஊர்ல வலது பக்கம்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டோம். "எல்லா வண்டியும் அங்கதானே போவுது" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், வண்டியைப் பார்க்கவில்லை. மரம் போனது, பாலம் போனது, வானம் போனது. இரண்டு வருஷத்தில் அவன் பார்த்த முதல் வானம் அது.

கால் மணி நேரத்தில் பொட்டென்று திரை அணைந்தது. பெட்டியும் நின்றது. கரண்டு இருக்கிறது, விளக்கு எரிகிறது. திரும்பப் போட்டோம், ஓடியது. பத்து நிமிஷத்தில் அணைந்தது. மறுநாளும் அப்படி. நாலு நாள் முயன்றோம். லோடு ஏற்றுவான், ஊரைத் தாண்டுவான், ஏதோ ஒரு மேட்டில் ஏறும்போது எல்லாம் கறுத்துப்போகும். பாகங்களை அனுப்பிய சென்னைக்காரனுக்குப் போன் போட்டான். "பவர் சப்ளை போயிருக்கும், இல்ல கார்டு போயிருக்கும். பழைய சாமான், திருப்பி எடுக்க மாட்டோம்" என்றான் அவன். மொபெட் காசு தீர்ந்திருந்தது.

சவரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மூன்று மணிக்கு நான் போவேன், அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், ஐந்து மணிக்கு எழுந்து வருவேன். "சோறு எறங்கல மாமா" என்று மேரி படியில் நின்று மெதுவாகச் சொன்னாள். "நெல்லூருல வண்டிய நிறுத்திட்டு வந்தப்பகூட இப்படிப் படுக்கல."

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அத எடுத்துட்டுப் போயிடுண்ணே. காலையிலகூட ஒரு தடவ போட்டேன். இப்ப நீ வர்றதுக்கு முன்னாலயும் போட்டுப் பாத்தேன், நின்னு போச்சு. கண்ணு முன்னால இருக்க வேணாம்."

பெட்டியைத் தூக்கக் கையை வைத்தேன். வைத்த கையை எடுத்துவிட்டேன். அந்தச் சூடு எனக்குத் தெரிந்த சூடு. சூளை ஆறுகிறதற்கு முன்னால் வாய்ச் சுவரில் கை வைத்தால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று உள்ளங்கை சொல்லிவிடும். முப்பது வருஷம் அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இது உள்ளே வெந்துகொண்டிருந்தது. சூளையிலேகூட வாயை அடைப்போமே தவிர, புகைபோக்கியை அடைக்க மாட்டோம். இதில் நான் எதையும் விடவில்லை. போகவும் வழியில்லை, வரவும் வழியில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

"மேரி, கத்தி எடுத்தாம்மா" என்றேன்.

டேப்பைக் கிழிக்கிற சத்தம் கேட்டு சவரி திரும்பினான். "தூசி போவும்ண்ணே."

"உள்ள வேவுது சவரி. நாமதான் அடச்சிருக்கோம்."

மேரிக்கு அது உடனே புரிந்தது. மூச்சு மெஷினின் பின்பக்கம் ஒரு பஞ்சு உண்டு. வாரம் ஒரு முறை அதை அவள்தான் அலசிக் காய வைப்பாள். மாற்றுவதற்கென்று ஒன்று கூடுதலாக வைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இத வெட்டி வெச்சுப் பாருங்க மாமா. காத்து போவும், தூசி நின்னுடும். இதுக்கும் அதே மூக்குதானே." முன்பக்கச் சல்லடைக்கு அளவாக வெட்டி வைத்தேன். பின்பக்கத்தைத் திறந்தே விட்டேன்.

சவரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அதைப் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். "ரெண்டு பேருமா சேந்து அதுக்கு மூச்ச அடச்சிருக்கோம் பாரு" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. மேரி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் சுருண்ட டேப் இருந்தது.

மேரி தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் சொன்னேன். அத்தனை வருஷமாகச் சொல்லாததை அப்போது ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. "சவரி, உன்ன மில்லுல சேத்து வுட்டது நான்."

அவன் மேசைக்கு வந்து உட்கார்ந்து, குழாயைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவன் கை நடுங்காது. அதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"தெரியும்ண்ணே" என்றான்.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஸ்டூல இழுத்துப் போடு. ஏறு" என்றான்.

ஏறினேன். "இன்னா லோடு?" என்று கேட்டேன். திரையைப் படித்தான். "இரும்புக் குழாய்னு போட்டுருக்குது. நாம பீங்கான்னு வெச்சுக்குவோம்." கால் மணி நேரம் போயிற்று, நிற்கவில்லை. மேடு வந்தது, ஏறினான். நான் எட்டிப் பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புத்தான். ஒரு பெரிய பாலம், கீழே ஆறு. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போயின. எங்கள் இரண்டு பேருக்குமே பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கரண்டு போகவில்லை. கடைசியில் ஒரு கோடவுன் வாசல் வந்தது. ரிவர்ஸ் எடுத்து, ஒரு தடவை திருத்தி, கோட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினான். "எறக்கியாச்சு" என்றான். மேரி டீ கொண்டுவந்து வைத்தாள். ஆறும்வரை யாரும் குடிக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்ல நல்ல கதையாக இருந்திருக்கும். டீயைக் கையில் எடுத்தவன் ஜன்னலைப் பார்த்தான். மூடியிருந்தது. குழாய் கழுத்தில் இறுகி இருந்தது, தளர்த்திக்கொண்டான். "லோடு எறக்கினா வண்டிய வுட்டுக் கீழ எறங்கி, கால ஒதறி, ஒரு பீடியப் பத்த வெச்சிக்கிட்டு நிப்போம் இல்லண்ணே. இப்பவும் எறங்கணும்னு தோணுது" என்றான். "எறங்க எடமில்ல."

நான் டம்ளரை எடுத்து ஆறிப்போன டீயைக் குடித்தேன். அதற்கப்புறம் கார்த்திகை, மார்கழி, கிறிஸ்துமஸ் முடிகிறவரை ஓட்டினான். ஒவ்வொரு முறை இறக்கிவிட்டும் ஜன்னலைப் பார்ப்பான். தை பிறந்ததும் உட்கார முடியவில்லை. படுத்துக்கொண்டே என்னை ஓட்டச் சொன்னான். நான் ஓட்டினால் வண்டி வேலியில் மோதும், கால்வாயில் இறங்கும். "அய்யோ, எல்லாம் ஒடஞ்சு போச்சு" என்று கட்டிலிலிருந்து சொல்லுவான். அப்போது மட்டும் கொஞ்சம் சிரிப்பான்.

அவனைக் கீழே இறக்கிய அன்றைக்கு நீங்களும் இருந்தீர்கள். படி திரும்புகிற இடத்தில் சவப்பெட்டி திரும்பவில்லை. முன்னால் பிடித்தவர்கள் இழுத்தார்கள், பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். "அவசரப்படாதீங்க, மெதுவா" என்று நான் சத்தம் போட்டேன். மிச்ச வார்த்தை வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அவன் கூடவே லாரியில் போன பழைய கிளீனர் ஒருவர் பின்னால் பிடித்திருந்தார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத்தான் இறக்கினார்கள். ஏறும்போது நாலு தடவை உட்கார்ந்த படிகளில், இறங்கும்போது ஒரே ஒரு தடவைதான் நின்றான்.

மூச்சு மெஷின் வாடகைக்கு எடுத்தது, வாடகைக்கு விட்டவர்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். கம்ப்யூட்டரை மேரி விற்கவில்லை. வாரம் ஒரு முறை அந்தப் பஞ்சை இன்னமும் அலசிக் காய வைத்து மாட்டுகிறாள். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள். நாற்பதாம் நாள் கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் கேட்டாள். "மாமா, அவரு ஞாபகமா உங்களுக்கு இன்னா வேணும்? கடிகாரம் இருக்குது, நல்ல செருப்பு இருக்குது, போட்டதே இல்ல."

ஸ்டூலைக் கேட்டேன்.

மில்லில் சேர்த்துவிட்டது நான் என்று சவரியிடம் சொன்னேனே, எனக்குத் தெரிந்த மனிதர்கள் எல்லாரும் அந்த இடத்தில் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். சவரி பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஏனென்றால் அது பரவாயில்லை என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை. தெரியும் என்றான், பக்கத்தில் ஏறச் சொன்னான். அவன் கொடுத்த அந்த இரண்டையும் வைத்திருக்கிறேன். ஒன்று இன்னும் நெஞ்சில் கனக்கிறது. மற்றது பதினேழு படி நானே தூக்கி இறக்கிக்கொண்டு வந்த ஒரு மர ஸ்டூல். வீட்டில் அதைச் சுவரோரம் போட்டிருக்கிறேன். மூன்று மணி ஆனால் அதில் உட்காருகிறேன். இடப்பக்கம் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டுத்தான் போட்டிருக்கிறேன்.